முதலாளிகளை விழுங்கிய கப்பல்

அந்தப் பாய்மரக் கப்பல் அதுவரை மூன்று முதலாளிகளை விழுங்கியிருந்தது. முதலாளிகளை மட்டும்தான். வேலைக்காரர்கள் மேல் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

மூன்றாவதாகப் போனவரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே இதைச் சொல்லித்தான் கப்பலை விற்றாள். "பழைய சுக்கானியை மட்டும் மாத்திடாதீங்க. கப்பல் அவரு சொன்னாத்தான் கேக்கும்" என்றாள்.

புது முதலாளி சிரித்தார். குடியிருந்த வீட்டை விற்று வாங்கினார். கரையில் நிற்கிறவரை எல்லோரும் சிங்கம்தான்.

முதல் பயணத்திலேயே புயல். பாய் கிழிந்து பறந்தது. முதலாளி பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு அலறினார்.

"மச்சான்! கப்பலை நீயே வச்சுக்கடா!"

"பழைய சட்டையைக்கூடக் குடுக்க மாட்டீங்க. இப்ப என்ன அத்தான் இந்தத் தாராளம்?" என்றான் முதலாளி மனைவியின் தம்பி, தண்ணீரை இறைத்தபடியே.

அடுத்த அலை தலைக்குமேல் எழுந்தது.

"யாராவது வாங்கிக்கங்கய்யா! எனக்கு ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க!"

எல்லோரும் இன்னும் வேகமாகத் தண்ணீரை இறைத்தார்கள்.

"சரி, எங்கிட்டக் குடுங்க. எனக்குப் புள்ளகுட்டி இல்ல" என்றார் சுக்கானி.

எல்லோர் சாட்சியாகவும் பத்திரம் கைமாறியது. புயலும் வந்த வேலை முடிந்ததுபோல் போய்விட்டது.

கரையில், கப்பலை விற்ற அந்த மனைவி காத்திருந்தாள். நனைந்த கோழியாகப் பின்னால் இறங்கியவரை அவள் கவனிக்கவில்லை. நேராகச் சுக்கானியிடம் வந்தாள்.

"வந்துட்டீங்களாங்க? கப்பல் வாங்க ஒருத்தர் வீட்டுல காத்துக்கிட்டிருக்காரு. கொஞ்சம் இருங்க, அழுதுட்டு வந்துடறேன்."