பாயிண்ட் இரண்டு

ஒரு வாரம் எடுக்காமல் விட்டால் காரின் பேட்டரி படுத்துவிடுகிறது, இன்றைக்குத் தூரமாகப் போகணும், வழியில் நின்றுவிடக் கூடாது என்று சொல்லித்தான் ரெஜினா டீச்சர் மெக்கானிக் கடைக்கு வந்திருந்தார். சிலுவைமுத்து எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி ஒயரை மீட்டரின் கவ்விக்குள் விட்டுப் பார்த்தான். இருபது ஆம்பியர் ஏறியது. சார்ஜில் குறையில்லை. எஞ்சினை அணைத்து, கதவைப் பூட்டிக் கால்மணி நேரம் பொறுத்தான். அப்போதும் பாயிண்ட் இரண்டு ஆம்பியர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.

"எதையோ கூடுதலா மாட்டியிருக்கீங்க டீச்சர்."

"நானா? நான் ரேடியோகூடப் போடமாட்டேன்."

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஒன்பதாவதில் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. அந்த ஒயர் போன வழியே கையை விட்டு, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து தீப்பெட்டி அளவுக் கருப்புப் பெட்டி ஒன்றை எடுத்தான். அதில் பச்சை விளக்கு மினுக்கியது.

"வண்டி எங்க நிக்குதுன்னு போன்ல காட்டுற பெட்டி. வீட்டுல சார் மாட்டினாரா?"

டீச்சர் பெட்டியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இதை இங்கேயே ஒரு பேட்டரில மாட்டி வைக்க முடியுமா?" என்றார்.

மேசைமேல் கிடந்த ஒரு பேட்டரியில் மாட்டி வைத்தான். டீச்சர் கிளம்பிப் போனார்.

நாலு மணிக்கு ஆட்டோவில் ஒருவர் வந்து இறங்கினார். கையிலிருந்த போனைப் பார்த்தார், காலியாகக் கிடந்த கடைவாசலைப் பார்த்தார், மறுபடியும் போனைப் பார்த்தார்.

"இங்க ஒரு வெள்ளைக் கார் நிக்குதே?"

சிலுவைமுத்து மேசையை மறைத்து நகர்ந்து நின்றுகொண்டான்.

"எந்தக் கார் சார்?"