சிரிப்புக்குக் கட்டம் இல்லை

“ஐந்து வயது மகளால் தன் உயிருக்கே ஆபத்து என்று ஒரு தாய் அஞ்சுகிறார்.”

தலைமையாசிரியை, பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வு அறிக்கையிலிருந்து அந்த வரியை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

மேசைக்கு எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். அப்படிப்பட்ட பிள்ளை நம் தெருவில் யார் வீட்டில் இருக்கிறது என்று ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

அறிக்கையில் தெருவின் பெயர் இல்லை. ‘இரண்டு தொழிற்சாலைச் சுவர்களுக்கு நடுவே உள்ள ஒரு தெரு’ என்று மட்டும் இருந்தது. ஊரில் அப்படி ஒரே ஒரு தெருதான் உண்டு. பெயரை மறைத்தார்களாம்.

திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அந்தத் தெருவிலிருந்து புதிதாகச் சேரும் பதினொரு பிள்ளைகளுக்கும் தனி வகுப்பு என்று முடிவாகிவிட்டது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அறை.

வரும்போதே அவள் அதைப் பார்த்திருந்தாள். தச்சர் கதவுக்குத் தாழ்ப்பாள் அடித்துக்கொண்டிருந்தார். வெளிப்பக்கம்.

தன் மகளையாவது விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் வந்திருந்தாள்.

“அஞ்சு வயசுப் பிள்ளைக்குப் பயந்துக்கிட்டு ஒரு அம்மா இருக்காங்கன்னா, மத்தப் பிள்ளைங்களை நான் எப்படிம்மா பக்கத்துல உக்கார வைக்கிறது?”

தலைமையாசிரியையின் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே பயந்துபோயிருந்தார்.

அந்த அறிக்கைக்காகக் கேள்வித்தாளும் கையுமாக நாற்பது வீடு ஏறி இறங்கியவளே அவள்தான்.

தெருக்காரி கேட்டால் கதவைத் திறப்பார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் அவளை வேலைக்கு வைத்தார்கள். ஒரே கண்டிப்பு: சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது.

சொன்னபடியே எழுதினாள். பிசாசு என்றார்கள். அடங்காப்பிடாரி என்றார்கள். கை சும்மாவே இருக்காது, வீட்டை ரெண்டாக்கிடுவான் என்றார்கள். பெற்ற பிள்ளையைத் தன் வாயால் மெச்சிக்கொள்கிறவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. திட்டிக்கொண்டே மூக்கைத் துடைத்துவிட்டார்கள், திட்டிக்கொண்டே இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார்கள்.

சிரித்துக்கொண்டே சொன்னாள் என்று எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை. அவளும் அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தாள்கள் எங்கேயோ போய், வேறொரு மொழிக்கு மாறி, அங்கே யார் யாரோ கூட்டிக் கழித்துப் பார்த்து, மறுபடி நம் மொழிக்குத் திரும்பி இந்த மேசைக்கு வந்திருந்தன.

அறிக்கையைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியை மெல்லப் படித்தாள். மகளால். உயிருக்கு.

கடைசி நாளில் ஒரு தாள் மிச்சமிருந்தது. சொந்த வீட்டில் பேட்டி எடுக்கக் கூடாது என்பது விதி. ஒன்றுதானே என்று, மகளுக்குத் தலை வாரிக்கொண்டே தானே கேட்டுத் தானே பதில் சொன்னாள். சீப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய குழந்தையைப் பார்த்து வாயில் வந்ததை, சொன்னபடியே எழுதினாள்.

‘உசிர வாங்குறா இந்த ராட்சசி.’

உண்மையைச் சொன்னால், அந்தப் பிள்ளை யார் என்று இவரிடம் தானே காட்டிக்கொடுத்ததாகிவிடும். சொல்லாவிட்டால் பதினொன்றும் தாழ்ப்பாளுக்குப் பின்னால். அறிக்கையை மூடி அவர் பக்கமே தள்ளி வைத்தாள்.

தலைமையாசிரியைக்கு மனம் இளகியதோ என்னவோ, குழந்தையைக் கூப்பிடுங்கள், நானே பார்க்கிறேன் என்றார்.

குழந்தை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. தச்சர் வேலை செய்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

வாடி என் ராட்சசி என்பது அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் முழுப்பெயரைச் சொல்லி, பதவிசாக அழைத்தாள்.

குழந்தை திரும்பவில்லை.

இன்னும் சத்தமாக அழைத்தாள். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று குழந்தை நடைக்கூடத்தின் அந்தக் கோடிவரை எட்டிப் பார்த்தது. அந்தப் பெயர் அம்மா வாயிலிருந்து வந்து அது ஒருநாளும் கேட்டதில்லை.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சேர்க்கைப் படிவத்தை இழுத்தார். பேனா ஏழாவது கேள்வியில் போய் நின்றது. படிவம் தலைகீழாக இருந்தும் அவளால் படிக்க முடிந்தது. நாற்பது வீட்டில் கேட்ட அதே கேள்விதான்.

‘பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதா?’

அதற்குக் கட்டம் இருந்தது.