நாலு பேர் வேண்டிய சொல்

'ஹாப்பி' வேண்டாம் என்று என் மனைவி தொலைபேசியில் ஒருவரோடு வாதாடிக்கொண்டிருந்தபோதுதான் பனிக்குடம் உடைந்தது.

எங்கள் கேக் கடையில் மாவு என்னுடைய வேலை, எழுத்து அவளுடையது. நான் சுட்டு, கிரீம் பூசி, சுழல்தட்டை அவள் பக்கம் தள்ளுவேன். அவள் சாக்லேட் கோனை எடுத்து இங்கிலீஷில் எழுதுவாள். வாங்க வருகிறவர்கள் வீட்டில் மறந்தும் இங்கிலீஷ் பேசுகிறவர்கள் இல்லை. ஆனாலும் கேக்கில் தமிழில் எழுதவா என்று கேட்டால் முகம் சுண்டிவிடும்.

"சரி சார், இங்கிலீஷ்லயே போடறேன். ஆனா ஹாப்பி வேணாம்," என்பாள். "பஸ்ல சீட்டு கெடச்சாக்கூட ஹாப்பிதான். உங்க பையன் என்ன பஸ் சீட்டா?"

அவள் கணக்கே வேறு. டிலைட் என்றால் பார்க்கிறவர் கண் விரிய வேண்டும். ஜாய் வயதானவர்களுக்கு, சத்தமில்லாமல் உள்ளே எரிந்துகொண்டிருப்பது. ஜெயித்த கூட்டம் சேர்ந்து கூவும் ஹுர்ரேயை மட்டும் அவள் லேசில் யாருக்கும் எழுதிக் கொடுத்ததில்லை. அதைத் தனி ஆளாகச் சொன்னால் பைத்தியம் என்பார்கள், நாலு பேராவது வேண்டும் என்பாள்.

அன்று தொலைபேசியை என் கையில் திணித்தாள். "நீங்க பேசி முடிங்க. நம்மாளு கெளம்பியாச்சு," என்று சிரித்தபடியே நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

மருத்துவமனையிலிருந்து அவள் திரும்பவில்லை.

பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று வாரம் இருந்தாள். அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் கூடம் கொள்ளாத கூட்டம். பிள்ளையைத் தூக்கியவர்கள் எல்லோரும் முதலில் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்கள். பிறகு பிள்ளையைப் பார்த்து அழுதார்கள்.

"பாவம், அம்மாவ முழுங்கிட்டு வந்திருக்கு," என்றார் பெரிய மாமா. என் மாமியாருக்கு அண்ணன். கன்னத்தைத் தடவிக்கொண்டேதான் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது கொஞ்சல்.

அந்த வார்த்தை என் மகளோடு கூடவே வளரும் என்று எனக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடம் போகும்போதும் கல்யாணத்தின்போதும் யாராவது ஒருவர் எடுத்து நீட்டுவார். அது இந்த வீட்டில் உட்கார இடம் பிடிக்கும் முன் வேறொரு வார்த்தையை நான் வைத்தாக வேண்டும்.

கூடத்தைத் தாண்டினால் கடை. காலையில் சுட்ட கேக் ஒன்று இருந்தது. கிரீம் பூசினேன். கோனை எடுத்தேன்.

அக்கா பின்னாலேயே வந்தாள்.

"டேய், என்ன காரியம்டா பண்ற? நாலு சனம் பாத்தா சிரிக்கும்."

"சிரிக்கட்டும்க்கா. யாராச்சும் சிரிச்சாத்தான் தேவல."

சாக்லேட்டில் எழுதியதை அழிக்க முடியாது. கத்தியால் சுரண்டினாலும் கறை நிற்கும். என் கை எழுத்துக்குப் பழகாதது, ஹுர்ரே வலப்பக்கமாகச் சரிந்து ஓடியது. கீழே பெயருக்கான இடத்தை வெறுமனே விட்டேன். இன்னும் பெயர் வைத்திருக்கவில்லை.

கேக்கைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவே மேசைமேல் வைத்தேன். அழுகை பாதியில் நின்றது.

"என்ன மாப்ள இது?" பெரிய மாமா எழுந்தே விட்டார். "பொண்ணு போயி ஒரு மாசம் ஆகல."

"பொண்ணு வந்திருக்கா மாமா."

பிள்ளை பக்கம் திரும்பி, "ஹுர்ரே," என்றேன்.

என் குரல் தட்டு கைதவறி விழுந்ததுபோலக் கேட்டது. அத்தனை பேர் இருந்தார்கள், ஒருவர் வாயும் அசையவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். வாசலில் யாரோ செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

மாமா என் மாமியார் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லும்மா. பெத்தவ நீ இருக்கும்போது இதெல்லாம் என்ன கூத்து?"

அத்தை சுவரோரமாக, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மருத்துவமனையிலிருந்து வந்த நேரம் முதல் அவர் மட்டும் அழவில்லை. எல்லோரும் தூக்கிக் கொஞ்சி அழுது திருப்பித் தந்தபோதெல்லாம் பிள்ளையின் காதைத் துணியால் போர்த்தி வாங்கிக்கொண்டிருந்தார். குளிருக்கு என்று நினைத்திருந்தேன்.

"அண்ணே," என்றார். "நம்ம அம்மா போன நாளுக்கு வருசா வருசம் நீங்கல்லாம் ஒக்காந்து அழுவீங்க."

"அதுக்கென்ன இப்போ?"

"நானும் கூடவே ஒக்காந்து அழுவேன். அது என் பொறந்த நாளுண்ணே."

மாமா பின்னால் கைவிட்டு நாற்காலியைத் தடவினார். மெல்ல உட்கார்ந்தார்.

அத்தை பிள்ளையின் காதிலிருந்து துணியை விலக்கினார்.

"இப்ப சொல்லுங்க மாப்ள. சத்தமா."

சொன்னேன். பிறகு கேக்கை வெட்டினோம். பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். பெரிய மாமா தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

அவள் போனதிலிருந்து எதைத் தின்றாலும் எனக்கு மண்ணாகத்தான் இருந்தது. கடைசியாக மிஞ்சிய துண்டை எடுத்து, நின்றபடியே வாயில் போட்டேன்.

இனித்தது.