அரை வாளிச் சத்தம்

“கேட்டீங்களா? மறுபடியும் ஊத்தறா!”

தலையை அண்ணாந்தாள் மீட்டர் அக்கா. யார் வீட்டில் எத்தனை குடம் செலவாகிறது என்று விரல்விட்டுச் சொல்வதால் அந்தக் குடியிருப்பில் அவளுக்கு அதுதான் பெயர்.

மேல்வீட்டில் சளசளவென்று தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரமாக! குழாய் வறண்டு, லாரித் தண்ணீர் வந்தே மூன்று நாளாகிறது.

“உனக்கென்ன வந்தது? விடேன்,” என்றார் கணவர், இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு.

“நீங்க சும்மா இருங்க. இன்னிக்குக் கையும் களவுமாப் பிடிக்கிறேன். நாளைக்கு லாரி வந்தா அவளுக்கு ஒரு சொட்டு கிடையாது. எல்லாரும் சரின்னுட்டாங்க.”

இடுப்பில் காலிக் குடம் இருந்தால்தான் நியாயம் கேட்க எடுப்பாக இருக்கும். வீடெல்லாம் துழாவி, கடைசியில் பரண்மேல் ஒரு காலிக் குடம் கண்டுபிடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

படியேற ஏற ஒவ்வொரு கதவாகத் திறந்தது. மேலே போய்ச் சேர்வதற்குள் பின்னால் ஏழெட்டுப் பேர்.

மேல்வீட்டுத் தையல்காரி கதவைத் திறந்தாள். மூச்சு வாங்கியது. முழங்கைவரை ஈரம்.

“குளிச்சியா?”

“இல்லக்கா.”

“துணி துவைச்சியா?”

“இல்லக்கா.”

“அப்போ உள்ள என்ன, அருவியா?”

தையல்காரி குரலைத் தாழ்த்தினாள். “மாமனாருக்குக் காலையிலேருந்து ஒண்ணுக்கு வரலக்கா. சாயங்காலத்துக்குள்ள போகலைன்னா ஆஸ்பத்திரியில டியூப் போடணும்னு டாக்டர் சொல்லிட்டார். தண்ணி கொட்டற சத்தம் கேட்டாத்தான் அவருக்கு வரும்.”

மீட்டர் அக்கா எட்டிப் பார்த்தாள். மூடிய கழிவறைக் கதவுக்கு வெளியே இரண்டு வாளி. ஒன்றில் தண்ணீர், ஒன்று காலி. இதிலிருந்து மொண்டு அதில் ஊற்றுவது, பிறகு அதிலிருந்து இதில். தரையில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அந்த வீட்டில் இருந்த மொத்தத் தண்ணீரும் அந்த ஒரு வாளிதான்.

“போன்ல தண்ணி சத்தம் போட்டு விடக் கூடாதா?” என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

“போட்டோமே. ‘அது பொய்த் தண்ணி, எனக்குத் தெரியாதா’ங்கறார்.”

“பொய்த் தண்ணிதான்!” என்று கதவுக்குள்ளிருந்து குரல் வந்தது. “பேசாம ஊத்தும்மா! இப்பத்தான் வர்ற மாதிரி இருந்தது, கெடுத்துட்டாங்க!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மீட்டர் அக்காவுக்கு விட மனசில்லை.

“எங்க வீட்ல தொண்டை நனைக்க ஒரு சொட்டு இல்ல. இங்க என்னடான்னா தண்ணியில தாளம் போடறாங்க!”

தையல்காரி அந்தக் காலிக் குடத்தைப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று.

“அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா?”

குடத்தைப் பிடுங்கி, வாளியைச் சாய்த்துப் பாதியை ஊற்றினாள்.

“ஐயோ, வேணாம்... வேணாம்மா!”

“கூச்சப்படாதீங்கக்கா. நல்ல தண்ணிதான். சத்தத்துக்கு அரை வாளி போதும்.”

எட்டுப் பேர் பார்க்கும்போது எப்படி மறுப்பது? குடத்தோடு இறங்கினாள். “பாவம்! நாளைக்கு லாரி வந்தா மொதல் குடம் மீட்டர் அக்காவுக்குத்தான்,” என்று யாரோ சொன்னது முதுகில் வந்து விழுந்தது.

வீட்டுக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டாள்.

“இது எங்கேருந்துடி?” என்றார் கணவர், காலைக் கீழே விடாமலே.

“அதை விடுங்க. எங்க வைக்கிறது, அதைச் சொல்லுங்க.”

மேலே மறுபடியும் ஊற்றும் சத்தம். முன்னைவிட மெலிதாக. சட்டென்று நின்றது.

“அப்பாடா!” என்றது பெரியவரின் குரல். படிக்கட்டு முழுக்கக் கைதட்டல்.

மீட்டர் அக்காவால் கைதட்ட முடியவில்லை. கட்டிலுக்கடியில் ஆறு டிரம், நாற்காலியைச் சுற்றிப் பதினொரு வாளி, அடுப்பின்மேல் குக்கர், எல்லாம் விளிம்புவரை தளும்பிக்கொண்டிருக்க, இடுப்பிலிருந்த அரைக் குடத்தை இறக்கி வைக்க அந்த வீட்டில் இடமில்லை.