புழுப்பூ அந்தோணி

"இந்த கோபிப் பூவத் தூக்கிப் போட்டுடறேன் அத்தை, உள்ள பூரா புழு," என்று மருமகள் ரோஹிணி காலிஃபிளவரோடு குப்பைக்கூடைப் பக்கம் போனாள்.

செல்வமேரி அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். எண்பத்தாறு வயதில் சண்டைக்கு ஒரு காலிஃபிளவர் கிடைத்தால் விடுவாளா?

காலையிலிருந்தே அவள் சிடுசிடுவென்றுதான் இருந்தாள்.

கோர்படி மாதா கோயில் ஆண்டு மலரில் அவள் அப்பாவைப் பற்றி ஒரு பக்கம் போடுகிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கன்டோன்மென்ட் பங்களாக்களுக்கு முதன்முதலில் காலிஃபிளவர் விளைவித்துக் கொடுத்த தோட்டக்காரர். எல்லாம் சரிதான். ஆனால் தலைப்பில் 'புழுப்பூ அந்தோணி' என்று போட்டிருந்தார்கள்.

அந்தப் பட்டப்பெயரை எடுக்காவிட்டால் பக்கமே வேண்டாம் என்று ஃபோனில் கத்தியிருந்தாள். சாயங்காலம் அச்சுக்குப் போகிறது.

அந்தப் பெயர் ஒரே நாளில் வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பங்களா பட்லர் அப்பா கொண்டுபோன கூடையைத் திறந்தான். மேலே இருந்த பூவில் ஒரு பச்சைப் புழு நெளிந்தது. துரைசானி முன்னால் அப்பா தலைகுனிந்து நின்றார். காய்கறிக் கண்காட்சியில் வருஷா வருஷம் அவர் வாங்கிய கோப்பை அந்த வருஷம் வேறொருவருக்குப் போனது. சாகும்வரை ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

கழித்த பூ வீட்டுக்கு வந்தது.

பூவெல்லாம் பங்களாவுக்கு, வீட்டுக் குழம்புக்கு இலையும் தண்டும் மட்டும்தான். ஒரே ஒரு பூ வேண்டும் என்று ஆறு வயது செல்வமேரி ஒரு வாரமாக அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கு அம்மா மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தாள். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. அந்த அவமானமும்தான்.

கையிலிருந்த பூவைப் பிரித்தாள். காம்புக்குக் காம்பு துளை. உள்ளே கறுப்புக் கறுப்பாக எச்சம். குடைந்த இடமெல்லாம் பழுப்பு.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குப் பூவை உதிர்த்தவள் அவள்தான். பால் வெள்ளை. ஒரு துளை இல்லை, ஒரு கறுப்புப் புள்ளி இல்லை. புழு மட்டும் மேலே இருந்தது, யாரோ எடுத்து வைத்த மாதிரி.

கூடையை அடுக்கியவர் அப்பா. வேறு யாரையும் தொடவிடமாட்டார்.

செல்வமேரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"கோயிலுக்கு ஃபோன் போடு ரோஹிணி. அந்தப் பேரு அப்படியே இருக்கட்டும்னு சொல்லு."