உட்கார்ந்த சிலை

மெக்சிகோவின் மொன்தெர்ரே நகரில், மறைந்த பாடகர் எர்மிலோவின் வீட்டுக்கு அளவெடுக்க வந்திருந்தார் சிற்பி அன்செல்மோ.

"அம்மா, சதுக்கத்துல அக்கார்டியனோட நிக்கிற மாதிரி சிலை வைக்கணும்னு நகராட்சியில சொல்றாங்க."

"உக்காந்த மாதிரியே செய்ங்க," என்றாள் எர்மிலோவின் மனைவி ரெஃபூஹியோ அலுப்போடு.

"ஏன், அவருக்கு முட்டி வலியா?"

"வலியா? பாட்டு முடிஞ்சதும் எந்திரிச்சுக் கிளம்பிடுவாரு. முப்பது வருஷமா வாசலையே பாத்துக் கண்ணு பூத்துப்போச்சு. சிலையாவது ஒரு இடத்துல இருக்கட்டும்."

அன்செல்மோ குறித்துக்கொண்டார். "தொப்பி அளவு?"

அவள் அடுக்களைப் பக்கம் திரும்பினாள். "சாயோ, அவரு தொப்பி அளவு என்னடி?"

"அம்பத்தெட்டுக்கா."

"பூட்ஸ் அளவு?"

"அது மத்தில்தேவுக்குத்தான் தெரியும்," என்றாள் ரெஃபூஹியோ. "சந்தைக்குப் போயிருக்கா, வந்ததும் கேளுங்க."

அன்செல்மோ நெகிழ்ந்துபோனார். "உங்க தங்கச்சிங்களுக்கு அத்தான் மேல எவ்வளவு பாசம்."

"தங்கச்சிங்க இல்லப்பா. கிளம்பிப் போவாருன்னு சொன்னேனே, இவளுங்க வீட்டுக்குத்தான். அவரு கண்ண மூடினப்புறம் ரெண்டு பேரும் இங்கயே வந்துட்டாளுங்க."

அன்செல்மோ அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"அதனால உக்கார வெச்சே செய்ங்க," என்றாள் ரெஃபூஹியோ. "நாலாவதா ஒருத்தி வந்தா, இந்த வீட்டுல படுக்க இடமில்ல."