பாத்திரம் கழுவும் விருந்தாளிகள்

இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகர மழை சமையலறைச் சன்னலில் சாம்பல் நிறமாக வழிகிறது. விருந்துக்கு வந்தவர்களே பாத்திரம் கழுவ முந்திக்கொள்வதுதான் இங்கே மரியாதை. விடுமுறைக்கு நண்பன் ட்ரெவர் வீட்டுக்கு வந்திருக்கும் நெவில் கழுவுகிறான். அவன் மனைவி மாக்சின் துடைக்கிறாள். தட்டில் நுரை மெல்ல உடைகிறது. "பிரியப்போறோம்னு ட்ரெவர் வீட்டுல இன்னைக்காவது சொல்லிடலாமா?" என்கிறான் நெவில், குழாய்ச் சத்தத்துக்குள். "நாளைக்கு நம்மள வெளிய சாப்பிடக் கூட்டிட்டுப் போறாங்க. பாவம், அதைக் கெடுப்பானேன்?" துடைத்த தட்டையே அவள் மறுபடி துடைக்கிறாள். சமையலறை வாசலில் ட்ரெவர் எட்டிப்பார்க்கிறான். "இந்த வயசுலயும் என்னப்பா கிசுகிசுப்பு! அடுத்த வருஷமும் ரெண்டு பேரும் வரணும், சொல்லிட்டேன்." "வராம இருப்போமா?" என்கிறார்கள் இருவரும், பல மாதங்களுக்குப் பிறகு ஒரே குரலில்.